ஆபரேஷன் இலவசம்... அப்புறமும் ஏன் வரலை? மதுரை கிராமங்கள் சொன்ன பதில்

மதுரை கே.கே. நகர் பக்கம் போகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி விளம்பரம் புதிதல்ல. ‘இலவச கண் பரிசோதனை முகாம்’, ‘சர்க்கரை நோய் விழிப்புணர்வு வாரம்’ என்று பேனரும் போஸ்டரும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், ஷேர் ஆட்டோ தூரத்தில் கிளினிக், ஸ்கேன் சென்டர், மருத்துவமனை என எல்லாமே உண்டு. பக்கத்து அண்ணா நகரில், உலகின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளில் ஒன்றான அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது.

இந்த போஸ்டர்களைப் பார்த்து எத்தனை பேர் வருகிறார்கள்? வராதவர்கள் ஏன் வரவில்லை? பெரும்பாலும் இந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. “மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை சார்” என்ற ஒற்றை வரியில் கதை முடிந்துவிடும். அடுத்த ஆண்டு இன்னும் பெரிய போஸ்டர் அடிப்பார்கள்.

மதுரையில் அந்தக் கேள்வியை விடாமல் கேட்டார்கள். ஒரு முறை அல்ல, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக. கிடைத்த பதில்கள், விளம்பரத்தை மட்டுமல்ல, சிகிச்சை தரும் முறையையே மாற்றின. பொது சுகாதாரப் பிரச்சாரங்களுக்கு ‘ஆடியன்ஸ் ரிசர்ச்’ ஏன் தேவை என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

புதிர் இதுதான்

அரசு மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976-ல் அண்ணா நகரில் 11 படுக்கைகளுடன் அரவிந்தைத் தொடங்கினார். தேவையில்லாமல் யாரும் பார்வை இழந்து கிடக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். இந்தியாவில் பார்வை இழப்புக்கு மிகப் பெரிய காரணம் கண்புரை. அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலானோருக்குப் பார்வை திரும்பிவிடும். ஆகவே மருத்துவர்கள் ஊர் ஊராகப் போய் முகாம் போட்டார்கள். புரை இருப்பவர்களைக் கண்டுபிடித்து, “மதுரைக்கு வாங்க, ஆபரேஷன் இலவசம்” என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆனால், அப்படிச் சொல்லப்பட்டவர்களில் கணிசமானோர் வரவே இல்லை. கண் தெரியவில்லை, தீர்வு இருக்கிறது, காசும் வேண்டாம். இருந்தும் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கே ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற விளக்கம் செல்லாது என்பதைக் கவனிக்க வேண்டும். இவர்கள் முகாமுக்கு வந்தவர்கள். மருத்துவரே நேரில் பார்த்து, “உங்களுக்குப் புரை இருக்கு, ஆபரேஷன் பண்ணினா சரியாகிடும்” என்று சொன்னவர்கள். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆள்தான் வந்து சேரவில்லை.

வராதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டியபோது...

அறுவை சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டும் வராதவர்களில் 65 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் விரிவாகப் பேசினார்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் 1993-ல் அரவிந்த் பற்றி எழுதிய ஆய்வறிக்கையில் இந்தப் பதில்கள் பதிவாகியிருக்கின்றன.

ஏறக்குறைய நான்கில் ஒருவர், ‘மங்கலா இருந்தாலும் கொஞ்சம் தெரியுதே’ என்ற எண்ணத்தில் இருந்தார். இன்னொரு கால்வாசிப் பேருக்குச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசில்லை. மீதிப் பேரில் வீட்டை விட்டு வர முடியாதவர்கள் இருந்தார்கள், ஆபரேஷனுக்குப் பயந்தவர்கள் இருந்தார்கள், துணைக்கு வர ஆளில்லாதவர்கள் இருந்தார்கள். சிலருக்கு வீட்டிலேயே எதிர்ப்பு.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யோசித்தால் ஒன்று புரியும். பஸ் காசு இல்லாதவருக்கு போஸ்டர் அடித்துப் பயனில்லை. துணைக்கு ஆளில்லாதவருக்கு மைக் கட்டிய ஆட்டோ உதவாது. பயப்படுகிறவருக்கு ‘கண் தானம்போல் கண் காப்பதும் கடமை’ ரக வாசகங்கள் தைரியம் தராது. ஒவ்வொரு தடைக்கும் வேறு வேறு மருந்து வேண்டும்.

மருத்துவமனை தன் ஏற்பாட்டை மாற்றியது. முகாமிலிருந்தே பஸ்ஸில் மதுரைக்கு அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, தங்க வைத்து, ஆபரேஷன் முடிந்ததும் ஊரிலேயே கொண்டுபோய் விடுவது என்றானது. ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றாக வந்து ஒன்றாகத் தங்கினார்கள். இதனால் துணைக்கு ஆள் வேண்டும் என்ற கவலை குறைந்தது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் பக்கத்துத் தெருக்காரர் என்றால் பயமும் பாதியாகிவிடும் அல்லவா?

சரி, ‘ஆடியன்ஸ் ரிசர்ச்’ என்றால் என்ன?

டீத்தூள் கம்பெனியோ ஷாம்பு கம்பெனியோ விளம்பரம் எடுப்பதற்கு முன் ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கேட்கும். யார் வாங்குகிறார்கள், எப்போது வாங்குகிறார்கள், எந்த வார்த்தை மனதில் நிற்கிறது, யார் சொன்னால் நம்புகிறார்கள் என்று பார்க்கும். ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டுக்கே இவ்வளவு உழைப்பு. உயிர் சம்பந்தப்பட்ட சுகாதாரப் பிரச்சாரங்களுக்கோ, பல நேரம் ஓர் அலுவலக அறையில் நாலு பேர் உட்கார்ந்து வாசகம் எழுதி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

பொது சுகாதாரத்தில் ஆடியன்ஸ் ரிசர்ச் மூன்று கட்டங்களாக நடக்க வேண்டும்.

முதல் கட்டம், பிரச்சாரத்துக்கு முன். மக்கள் இப்போது என்ன செய்கிறார்கள், எது தடுக்கிறது, யாரை நம்புகிறார்கள் என்று தெரிந்துகொள்வது.

இரண்டாம் கட்டம், அச்சுக்குப் போகும் முன். போஸ்டரையோ வீடியோவையோ அந்த மக்களிடமே காட்டி, “இதுல என்ன சொல்லியிருக்கு?” என்று கேட்பது. “பிடிச்சிருக்கா?” என்று கேட்டால், வந்தவரின் மனம் நோகாமல் இருக்க, எல்லாரும் பிடிச்சிருக்கு என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாம் கட்டம், முடிந்த பின். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு நிற்காமல், எத்தனை பேர் செய்தார்கள் என்று எண்ணுவது.

மருத்துவமனையும் மருந்தும் ஏட்டில் இருந்தும் கைக்கு எட்டாத மக்களிடம் இது இன்னும் முக்கியம். பிரச்சாரத்தைத் தயாரிப்பவரின் வாழ்க்கைக்கும் அவர்களின் வாழ்க்கைக்கும் தூரம் அதிகம். ஒரு நாள் லீவு போடுவது மாதச் சம்பளக்காரருக்குச் சாதாரண விஷயம். தினக்கூலிக்குப் போகும் அம்மாவுக்கு அது அன்றைய அடுப்பு.

90 கிராமங்களில் ஒரு பரிசோதனை

காரணங்களைக் கேட்டாகிவிட்டது. அடுத்து, எந்த அணுகுமுறை உண்மையிலேயே ஆட்களைக் கொண்டுவருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்காகத் தென்னிந்தியாவில் 90 கிராமங்களை எடுத்துக்கொண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. கிரிஜா பிரில்லியண்ட், அரவிந்தின் ஆர்.டி. துளசிராஜ் உள்ளிட்டோர் நடத்திய இந்த ஆய்வு, 1991-ல் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் ஆப்தல்மாலஜி’ என்ற கண் மருத்துவ இதழில் வெளியானது. கிரிஜா பிரில்லியண்ட் இதற்கு முன்பே நேபாளத்தில், கண்புரை வந்தவர்களில் யார் ஆபரேஷன் செய்துகொள்கிறார்கள், யார் அப்படியே இருந்துவிடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர்.

புது மருந்தைச் சோதிப்பதுபோலவே பிரச்சாரத்தையும் சோதித்தார்கள். மொத்தம் எட்டு வகை அணுகுமுறைகள். எந்த ஊருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசுவது, பரிசோதனை வாகனத்தை ஊருக்குள் அனுப்புவது என்று தகவல் சொல்லும் வழிகள் மாறின. செலவு விஷயமும் ஊருக்கு ஊர் மாறியது. சில ஊர்களில் முழுச் செலவையும் ஏற்றார்கள், சில ஊர்களில் ஒரு பகுதியை மட்டும்.

குலுக்கல் எதற்கு? நன்றாக நடக்கும் ஊரைப் பார்த்து ஒரு முறையைக் கொடுத்துவிட்டு, ‘பாருங்க, ஜெயிச்சிருச்சு’ என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்குத்தான். ஊர்களைக் குலுக்கிப் போட்டால், வித்தியாசம் ஊரால் வந்ததா, அணுகுமுறையால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கலாம்.

முடிவில் இரண்டு விஷயங்கள் தனியாகத் தெரிந்தன. ஒன்று, செலவு முழுவதையும் ஏற்ற இடங்களில் ஆபரேஷனுக்குச் சம்மதித்தவர்கள் அதிகம். இரண்டு, ஏற்கெனவே புரை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசிய முறை நன்றாக வேலை செய்தது.

சோடாபுட்டிக் கண்ணாடி பேசினால்...

அந்தக் காலத்துப் புரை ஆபரேஷனில் கண்ணுக்குள்ளே லென்ஸ் வைப்பது பரவலாகவில்லை. கண்ணின் இயற்கை லென்ஸை எடுத்துவிட்டு, தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். ஊரில் அதற்குப் பெயர் சோடாபுட்டி. கேலியாகச் சொல்லப்பட்ட அந்தக் கண்ணாடிதான் இங்கே பிரச்சாரத்தின் சாட்சி.

மருத்துவர் சொன்னால் அது ‘அவங்க சொல்றது’. போஸ்டர் சொன்னால் அது ‘கவர்ன்மென்ட் சொல்றது’. ஆனால் நேற்று வரை குச்சி ஊன்றித் தடவித் தடவி நடந்த ஒருவர், இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு தனியாக வாசலில் வந்து நிற்கிறார் என்றால், அவரிடம் கேட்க ஆயிரம் கேள்வி இருக்கும். வலிச்சுதா? எத்தனை நாள் படுக்கணும்? கண்ணை வெளியே எடுத்து வச்சிருவாங்களாமே? சாப்பாடு எப்படி? மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை இவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

சுகாதாரத் தகவல் தொடர்பில் செய்தி எவ்வளவு முக்கியமோ, செய்தியைச் சொல்பவரும் அவ்வளவு முக்கியம். பெரிய நடிகர் ஒருவரை ஒப்பந்தம் செய்வதற்கு முன், அந்த ஊரில் யார் பேச்சு எடுபடும் என்று பார்த்தாக வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நல்ல அனுபவம் எப்படி வாய்மொழியாகப் பரவுமோ, அதைவிட வேகமாகக் கெட்ட அனுபவம் பரவும். ஓர் ஊரில் ஒருவருக்கு ஆபரேஷன் சரியாக அமையவில்லை என்றால், அந்த ஊரில் அடுத்த முகாமுக்கு ஆள் சேர்ப்பது பெரும்பாடு. சிகிச்சையின் தரத்தைவிடப் பெரிய விளம்பரம் வேறில்லை.

நூற்றில் ஏழு பேர்

பஸ் விட்டாயிற்று, சாப்பாடு போட்டாயிற்று, முகாம்களில் கூட்டம் அலைமோதியது. வெளியிலிருந்து பார்த்தால் வெற்றிக் கதை. ஆனால் முகாமில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து, வராதவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது.

லண்டனில் உள்ள ஹைஜீன் மற்றும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆஸ்ட்ரிட் ஃப்ளெட்சர், துளசிராஜ், உள்ளூர் தன்னார்வ அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஆகியோர் சேர்ந்து, முகாம் வசதி இருக்கும் தென் தமிழகக் கிராமங்களிலேயே ஓர் ஆய்வு செய்தார்கள். 1999-ல் அதே கண் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. கண் பிரச்சினை இருந்தவர்களில் முகாமுக்குப் போனவர்கள் சுமார் 7 சதவீதம்தான்.

அதாவது, ஊருக்கே மருத்துவர் வந்தும் 100-ல் 93 பேர் போகவில்லை.

ஏன்? ஊர் மக்களையே உட்கார வைத்து, அவர்கள் போக்கில் பேச விட்டுக் காரணங்களைத் திரட்டினார்கள். கண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். செலவு. குடும்பப் பொறுப்பு. ‘வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்’ என்ற எண்ணம். ‘விதிச்சது அவ்வளவுதான்’ என்ற சமாதானம். இருக்கிற பார்வையை வைத்து ஓட்டிவிடலாம் என்ற பழக்கம். மறுபடியும் அதே மாதிரியான பட்டியல்தான். ஆனால் இந்த முறை அது முகாமுக்கே வராதவர்களையும் சேர்த்துச் சொன்னது.

இந்த இடத்தில் ‘இன்னும் நல்ல விளம்பரம் எடுப்போம்’ என்று முடிவு செய்திருக்கலாம். அரவிந்த் வேறு முடிவுக்கு வந்தது. முகாம் என்பது வருடத்தில் ஏதோ ஒரு நாள் வந்து போவது. அன்றைக்குக் களையெடுப்பு இருக்கலாம், பேத்திக்குக் காய்ச்சல் இருக்கலாம், சொந்தத்தில் ஒரு விசேஷம் இருக்கலாம். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த முகாம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, நினைத்த நாளில் நடந்தோ டவுன் பஸ்ஸிலோ போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு சின்ன மையம் நிரந்தரமாக இருந்தால்?

2004 முதல் அப்படிப்பட்ட ‘விஷன் சென்டர்’கள் சிறு ஊர்களில் திறக்கப்பட்டன. பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவர் நகரத்து மருத்துவமனையில் இருந்தபடியே வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். கிராமங்களில் சரியான இணைய வசதி இல்லாத அந்தக் காலத்தில், அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய நீண்டதூர வைஃபை தொழில்நுட்பம் தேனிப் பகுதி மையங்களுக்குக் கைகொடுத்தது. இன்று இத்தகைய மையங்கள் நூற்றுக்கும் மேல்.

ஆடியன்ஸ் ரிசர்ச்சின் முடிவு எப்போதும் ஒரு விளம்பரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘விளம்பரத்தை விடுங்க, கவுன்ட்டரைப் பக்கத்துல கொண்டு வாங்க’ என்றும் அது சொல்லலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருவதும் இதே திசையில் ஓர் அடிதான்.

வார்த்தையிலும் இருக்கிறது வில்லங்கம்

தடை என்பது தூரமும் காசும் மட்டுமல்ல. சில நேரம் அது ஒரு சொல்.

போஸ்டரில் ‘கண்புரை’ என்று எழுதியிருக்கும். ஊரில் ஒருவர் அதைப் ‘புரை’ என்பார், இன்னொருவர் ‘பூ விழுந்திருச்சு’ என்பார். கண் மருத்துவத்தில் இரண்டும் வேறு வேறாக இருக்கலாம். படிக்கிறபோது மட்டும் மங்கலாகத் தெரிந்தால் ‘வெள்ளெழுத்து’ என்று ஒதுக்கிவிடுவார்கள். தன் பிரச்சினைக்குத் தான் வைத்திருக்கும் பெயர் போஸ்டரில் இல்லையென்றால், அது தனக்கான போஸ்டர் என்றே ஒருவருக்குத் தோன்றாது.

‘புரை முத்தட்டும்’ என்ற சொல்லும் அப்படித்தான். பழைய ஆபரேஷன் முறையில், புரை நன்றாக முற்றும்வரை காத்திருக்கச் சொல்வது மருத்துவர்களிடமே இருந்த வழக்கம். இன்றைய முறையில் அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அன்று மருத்துவர் சொன்னது இன்று பாட்டியின் வாயில் அறிவுரையாக வாழ்கிறது. இதை ‘மூடநம்பிக்கை’ என்று திட்டினால் அவர்கள் காதை மூடிக்கொள்வார்கள். ‘அப்போ அப்படி, இப்போ முறை மாறிடுச்சு’ என்று சொன்னால் கேட்பார்கள். எதைச் சொல்ல வேண்டும் என்பது, அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் தெரியும்.

படமும் ஏமாற்றும். சுகாதாரக் கல்வி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மலேரியா பிரச்சாரத்துக்காகக் கொசுவைப் பெரிதாக்கிப் போஸ்டரில் போட்டார்களாம். பார்த்தவர்கள், “நல்லவேளை, எங்க ஊர்ல இவ்வளவு பெரிய கொசு இல்லை” என்று நிம்மதியாகப் போய்விட்டார்களாம். கதை நடந்ததோ இல்லையோ, அச்சுக்கு முன் பத்துப் பேரிடம் காட்டிக் கேளுங்கள் என்ற பாடம் உண்மை.

ஊரே பேசினால் வெற்றியா?

‘புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ 2000-களின் தொடக்கத்தில் தமிழகத்தில் இருந்த யாருக்கும் இந்த வரி மறந்திருக்காது. சுவர், பேருந்து, டிவி என எங்கும் அந்தக் கேள்வி. சுகாதாரப் பிரச்சாரம் ஒன்று இவ்வளவு பேசப்பட்டது அபூர்வம். அது கேலிப் பேச்சாகவும் புழங்கியது.

ஒரு விளம்பரம் நினைவில் நிற்பது வேறு, அதனால் பழக்கம் மாறுவது வேறு. இந்த வித்தியாசத்தைத் தமிழகத்து எய்ட்ஸ் தடுப்புப் பணி முன்பே புரிந்துவைத்திருந்தது. சென்னையில் உள்ள வாலன்டரி ஹெல்த் சர்வீசஸ் அமைப்பு, அமெரிக்க நிதியுதவியோடு 1995-ல் தொடங்கிய ‘அபாக்’ எய்ட்ஸ் தடுப்புத் திட்டம், 1996 முதல் தொடர்ச்சியாக நடத்தைக் கண்காணிப்பு ஆய்வுகளை நடத்தியது. லாரி ஓட்டுநர்கள், ஆலைத் தொழிலாளர்கள், பாலியல் தொழிலாளர்கள் போன்ற வெவ்வேறு பிரிவினரிடம், ஆணுறை பயன்படுத்துகிறார்களா என்பது போன்ற கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு மாற்றத்தை அளந்தார்கள்.

இன்றைய மொழியில் சொன்னால், புள்ளி ராஜா ‘வைரல்’. ஆனால் லைக், வியூஸ் எல்லாம் வாசல்வரைதான். உள்ளே என்ன மாறியது என்று தெரிய, தனியாக ஓர் அளவுகோல் வேண்டும்.

உ.பி.யில் கதவுக்குக் கதவு ஒரு காரணம்

இதே பாடத்தை நாடு பெரிய அளவில் கற்றது போலியோ ஒழிப்பில். 2000-களில் உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளில் பெற்றோர் சிலர் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க மறுத்தார்கள். ‘இதைக் கொடுத்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது’ என்ற வதந்தி ஒரு பக்கம். ‘ரோடு இல்லை, தண்ணி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. இதுக்கு மட்டும் ஏன் வீடு தேடி வர்றீங்க?’ என்ற நியாயமான சந்தேகம் மறுபக்கம்.

யுனிசெஃப் ஆதரவுடன் அமைந்த சமூகத் தொடர்பு வலையமைப்பு, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களையே பணியில் அமர்த்தியது. எந்த வீட்டில் மறுக்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்று வீட்டு வாரியாகக் குறித்துவைத்தார்கள். மதப் பெரியவர்களைப் பேச வைத்தார்கள். சொட்டு மருந்தோடு மற்ற சுகாதாரத் தேவைகளையும் கவனித்தார்கள். இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று இந்தியாவை உள்ளடக்கிய தென்கிழக்கு ஆசிய மண்டலத்துக்குப் போலியோ இல்லாத மண்டலம் என்ற சான்று கிடைத்தது.

இப்போதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே?

இந்தக் கேள்வி எழுவது இயல்பு. ‘ஒரு ரீல்ஸ் போட்டா போதும், ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு போதும்’ என்று நினைக்கும் திட்டங்கள் இன்று நிறைய.

ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லும் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில், தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருப்பவர்கள் ஏறக்குறைய 54 சதவீதம். ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். அதன் பிறகு நிலைமை மாறியிருக்கும் என்றாலும், இடைவெளி மறைந்துவிடவில்லை. கண்புரைக்கு ஆளாகும் அறுபது வயதுக்காரர்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

‘வீட்டில் போன் இருக்கு’ என்பதும் ‘அம்மா கையில் போன் இருக்கு’ என்பதும் ஒன்றல்ல. போன் மகனோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி வந்ததும் பேரன் கையில் இருக்கும். கண் மங்கிய ஒருவருக்கு வீடியோ அனுப்பி, ‘கண்ணைப் பரிசோதியுங்கள்’ என்பதில் உள்ள முரணை யாரும் விளக்கத் தேவையில்லை.

கேட்பதிலும் பிழை வரும்

ஆய்வு செய்தாலே உண்மை வந்துவிடும் என்றும் இல்லை. மக்கள் மரியாதைக்காகப் பதில் சொல்வார்கள். பயம் என்று சொல்லக் கூச்சப்பட்டு ‘நேரமில்லை’ என்பார்கள். மருமகளை வைத்துக்கொண்டு மாமியாரிடம், ‘ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலை?’ என்று கேட்டால் ‘கூட்டிப் போக ஆளில்லை’ என்ற பதில் வராது. வீட்டுக்குப் போனால் ஆண்தான் பேசுவார், மனைவியின் காரணத்தையும் அவரே சொல்வார்.

அதனால்தான் நல்ல ஆய்வுகள் ஒரே கேள்வியைப் பல வழியில் கேட்கின்றன. தனியாகக் கேட்பது, குழுவாகப் பேச வைப்பது, ஊரின் வரைபடத்தை அவர்களையே வரையச் சொல்வது, சொன்னதையும் செய்ததையும் ஒப்பிடுவது என்று. கேட்பவர் அந்த ஊர் பேச்சுத் தெரிந்தவராக இருப்பதும் முக்கியம்.

இன்னொரு நேர்மையும் தேவை. காரணத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் போனால், அடுத்த முறை அந்த ஊர் பேசாது. கேட்பது ஒரு வாக்குறுதி மாதிரி.

திட்டம் போடுகிறவர்கள் கேட்டுக்கொள்ள ஐந்து கேள்விகள்

அலுவலகத்தின் சி.எஸ்.ஆர். குழுவில் இருப்பவராகட்டும், தன்னார்வ அமைப்பில் டிசைன் செய்பவராகட்டும், அடுத்த சுகாதார முகாமுக்கு விளம்பரம் தயாரிக்கும்முன் இந்த ஐந்துக்கும் பதில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

1. போன முறை வராதவர்களில் குறைந்தது பத்துப் பேரிடமாவது நேரில் பேசியாயிற்றா? வந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

2. அவர்கள் சொன்ன தடை தகவல் பற்றாக்குறையா? இல்லை தூரம், காசு, பயம், துணை ஆகியவற்றில் ஒன்றா? இரண்டாவது என்றால், விளம்பர பட்ஜெட்டின் ஒரு பகுதி வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் போக வேண்டும்.

3. அந்த ஊரில் இந்தச் சிகிச்சையால் பலன் பெற்றவர் யார்? அவர் பேசத் தயாரா?

4. வாசகத்தையும் படத்தையும் அந்த மக்களிடம் காட்டி, ‘இது என்ன சொல்லுது?’ என்று கேட்டாயிற்றா?

5. எதை வெற்றி என்று எண்ணப் போகிறோம்? ஒட்டிய போஸ்டரையா, வந்த கூட்டத்தையா, தேவை இருந்தவர்களில் சிகிச்சை பெற்றவர்களையா?

கடைசிக் கேள்விதான் கடினம். முகாமுக்கு 300 பேர் வந்தார்கள் என்பது நல்ல செய்தி. ஆனால் அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தேவை இருந்தது என்று தெரியாதவரை, 300 பெரிய எண்ணா சின்ன எண்ணா என்று சொல்ல முடியாது. அந்த ‘எத்தனை பேரில்’ என்ற கேள்வியைக் கேட்டதால்தான் நூற்றில் ஏழு என்ற கசப்பான எண் வெளியே வந்தது. அந்த எண் வெளியே வந்ததால்தான், மதுரைக்கு வர முடியாத பாட்டிகளுக்குப் பக்கத்து ஊரிலேயே கண் பார்க்க ஓர் இடம் கிடைத்தது.